எதைத் தேடித் தோண்டுகிறோம்?

2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் மகள் வயிற்றுப் பேரன் சென்னையிலிருந்து வந்து எங்களோடு மூன்று வாரங்கள் தங்கியிருந்தான். பதினாறு வயதுப் பிள்ளை. திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலை முழுவதும் தெரியும். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். ஆகவே அவன் மாடி அறையில் மடிக்கணினியே கதியென்று இருப்பான். இரவில் செபமாலை சொல்லி முடித்து, உணவும் முடிந்து, வீடு அடங்கிய பின்னும் அந்த அறையிலிருந்து ஓர் ஒலி வந்துகொண்டிருக்கும். 'டக்' என்று ஒன்று, சற்று அமைதி, மீண்டும் ஒரு 'டக்'. சுவரில் பல்லி ஒலிப்பது போலிருக்கும். அவன் கணினியின் சுட்டியைச் சொடுக்கும் ஒலி அது.

ஓர் இரவு அவனைத் தூங்கச் சொல்வதற்காக மாடி ஏறினேன். அறைக்கதவு திறந்திருந்தது, எல்லா விளக்குகளும் எரிந்தன. என்னைக் கண்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி. "தாத்தா, கொஞ்ச நேரம் இங்கேயே உக்காருங்களேன்" என்றான். பயந்திருக்கிறான் என்று புரிந்தது. கண்டிக்க வந்தவன் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் முதன்முதலாக ஒரு கணினி விளையாட்டைக் கண்டது அவ்வாறுதான். அடுத்த நான்கு இரவுகளும் நானே அழையாமல் சென்று அமர்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த விளையாட்டின் பெயர் 'தி எக்ஸ்கவேஷன் ஆஃப் ஹாப்ஸ் பாரோ'. 'ஹாப் மேட்டின் அகழ்வு' என்று தமிழில் சொல்லலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த 'கிளோக் அண்ட் டேகர் கேம்ஸ்' என்ற சிறு குழுவினர் உருவாக்கி, 2022இல் வெளிவந்தது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. திரையில் ஒரு காட்சி விரிகிறது. ஒரு விடுதி, ஒரு தெரு, மூடுபனி படர்ந்த வெட்டவெளி. அங்கே எதைப் பார்க்க வேண்டும், எதை எடுக்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பதைச் சுட்டியால் காட்டிச் சொடுக்க வேண்டும். சொடுக்கச் சொடுக்கக் கதை நகரும். 1987இல் வந்த 'மேனியாக் மேன்ஷன்', 1993இல் வந்த 'மிஸ்ட்' ஆகியவற்றைப் போன்ற சொடுக்குக் கதைகளின் வழியில் வந்தது இது. ஓரளவு பொறுமையும் கூர்ந்த கவனமும் இருந்தால் போதும். என் போன்ற முதியவனும் ஆடலாம்.

கதை விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில் நிகழ்கிறது. தாமசினா பேட்மன் என்ற பெண் பழங்கால ஈமமேடுகளைத் தோண்டி ஆராய்ந்து நூல் எழுதுபவள். பியூலே என்ற ஒதுங்கிய சிற்றூரில் இப்படியொரு மேடு இருப்பதாகக் கடிதம் வர, புறப்பட்டு வருகிறாள். கடிதம் எழுதியவர் சந்திக்க வரவில்லை. ஊர் மக்கள் மேட்டைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள். இவளுடைய தந்தையோ பல ஆண்டுகளாகப் பேச்சும் அசைவுமின்றிக் கிடக்கிறார். அவரும் முன்னொரு காலத்தில் இதே ஊருக்கு வந்தவர். அந்த மேட்டுக்குள் மனித அறிவுக்கு அடங்காத ஏதோ ஒன்று இருக்கிறது. அதைத் தோண்டியது அவளுக்கு நன்மையாக முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆட விரும்பும் இளையோரின் ஆவலைக் கெடுப்பானேன்?

ஈமமேடு நமக்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே தண்டராம்பட்டு வட்டத்தில் மோட்டூர் என்ற சிற்றூரில் பெருங்கற்காலக் கல்வட்டங்களும், மனித உருவை ஒத்த பெருங்கல் ஒன்றும் இருக்கின்றன. தெற்கே ஆதிச்சநல்லூரில் 1876இல் பெர்லின் நகரத்து யாகோர் முதுமக்கள் தாழிகளைத் தோண்டி எடுத்துச் சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ வந்து விரிவாக அகழ்ந்தார். இறந்தோரின் இடத்தைத் தோண்டும் ஆர்வமும், தோண்டலாகாது என்ற கிராமத்து அச்சமும் நம் மண்ணிலும் உண்டு. அதனால்தான் அக்கதை எனக்கு அயலாகத் தோன்றவில்லை போலும்.

மூன்றாம் இரவில் அந்தப் பெண் மேட்டை நெருங்குகையில் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "தோண்டாம ஊருக்குத் திரும்பிப் போக வழியே இல்லையா?"

பேரன் சிரித்தான். "விளையாடறத நிறுத்திடலாம் தாத்தா. ஆனா கதை நகராது."

இந்தச் சிறிய விடை என்னை நெடுநேரம் தூங்கவிடவில்லை.

இவ்வகைக் கதைகளின் மூலவர் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் பிறந்த ஹவர்டு பிலிப்ஸ் லவ்கிராஃப்ட் (1890-1937). மலிவு விலை இதழ்களில் எழுதி, வறுமையில் வாழ்ந்து மறைந்தவர். இளமையிலேயே வானியலில் ஈடுபட்டு, செய்தித்தாள்களில் விண்மீன்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியவர். அவர் காலத்தில்தான் வானம் திடீரென்று விரிந்தது. ஆந்திரோமேதா என்பது நம் பால்வீதிக்குள் இருக்கும் மேகம் அன்று, தனியே நிற்கும் மற்றொரு விண்மீன் மண்டலம் என்னும் எட்வின் ஹபிளின் கண்டுபிடிப்பு 1925 சனவரியில் அறிஞர் அவையில் அறிவிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1928இல், லவ்கிராஃப்டின் புகழ்பெற்ற 'குதுலுவின் அழைப்பு' என்ற கதை வெளிவந்தது. கடவுள் நம்பிக்கையற்ற அவருடைய கதைகளின் சாரம் இதுதான்: பேரண்டம் அளப்பரியது, அதில் மனிதனுடைய அன்பு, அறம், கண்ணீர் எவற்றுக்கும் எடை கிடையாது, உண்மையை முழுவதும் அறிபவன் மனம் சிதறிப் போவான். பேய்க்கதைகளில் பேய்க்கு நம்மேல் பகையாவது உண்டு. இங்கே அதுகூட இல்லை. எறும்பை நோக்காமல் மிதித்துச் செல்லும் காலைப் போல் பேரண்டம் நம்மைக் கடந்து போகிறது. அண்டப் பேரச்சம் என்று இதற்குப் பெயரிடலாம்.

இதைக் கேட்டதும் நம்முள் சிலர் "இது நம்பிக்கைக்கு எதிரானது, பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். இவ்வச்சம் நாத்திகரின் தனிச்சொத்து அன்று. பாஸ்கல் என்ற பிரெஞ்சு மேதை ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையாளர். எல்லையற்ற வெளியின் மௌனம் தம்மை அச்சுறுத்துகிறது என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். 1917இல் ருடால்ஃப் ஆட்டோ என்ற ஜெர்மானிய இறையியலார், புனிதம் என்பதன் வேரிலேயே நடுக்கம் இருக்கிறது என்று விளக்கினார்; நடுங்கவும் வைத்து, விலக முடியாமல் ஈர்க்கவும் செய்யும் மறைபொருளே இறைமை என்றார். கனவிலிருந்து விழித்த யாக்கோபு நடுங்கினார். ஆலயத்தில் காட்சி கண்ட எசாயா தாம் அழிந்ததாகவே அலறினார். விவிலியத்தில் வானதூதர் வரும்போதெல்லாம் அஞ்ச வேண்டாம் என்று தொடங்குவது ஏன்? எதிரே நிற்பவர் அஞ்சி நடுங்குவதால் அன்றோ!

ஆகவே அச்சம் வருவது தவறன்று. அச்சத்திற்குப் பின் நாம் என்ன சொல்கிறோம், என்ன செய்கிறோம் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. இதை எனக்குக் கற்பித்தது நான் அன்றாடம் காணும் மலையோடு பிணைந்த கதை.

வாசகர் பலரும் அறிந்த புராணம்தான். திருமாலுக்கும் பிரமனுக்கும் யார் பெரியவர் என்று பூசல். இடையே அடியும் முடியும் தெரியாத தீத்தூண் ஒன்று எழுந்தது. திருமால் பன்றியாகி மண்ணைத் தோண்டி அடியைத் தேடினார். பிரமன் அன்னமாகி முடியைத் தேடிப் பறந்தார். இருவருக்கும் எட்டவில்லை. அத்தீத்தூண் குளிர்ந்து இம்மலையானது என்பது இங்குள்ள இந்து சகோதரரின் நம்பிக்கை. 2,668 அடி உயர உச்சியில் ஆண்டுதோறும் ஏற்றப்படும் கார்த்திகைத் தீபம் அதன் நினைவு. சிவாலயங்களில் கருவறையின் மேற்குப் புறச்சுவரில் இக்காட்சியைச் சிற்பமாகக் காணலாம். நான் கத்தோலிக்கன், இது என் வழிபாடு அன்று. ஆயினும் ஓர் இலக்கிய மாணவனாக இக்கதையின் அறநுட்பம் என்னை என்றும் வியக்க வைக்கிறது.

எண்ணிப் பாருங்கள். அளவிட முடியாத ஒன்று எதிரே எழுகிறது. ஒருவர் தோண்டுகிறார். அண்டப் பேரச்சக் கதை இப்படியேதான் தொடங்குகிறது. ஆனால் முடிவைக் கவனியுங்கள். தோண்டிய திருமால் திரும்பி வந்து, "என்னால் காண இயலவில்லை" என்று ஒப்புக்கொள்கிறார். அவருக்கு இழிவு ஏதும் இல்லை. பறந்த பிரமனோ, கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக வைத்து, முடியைக் கண்டுவிட்டதாகக் கூறுகிறார். அதனால் பிரமனுக்கு வழிபாடு இல்லாமற் போயிற்று. தாழம்பூ சிவபூசைக்கு ஆகாததாயிற்று. காணாததில் குற்றம் இல்லை. காணாததைக் கண்டேன் என்பதே குற்றம்.

இவ்வளவுகோலை எடுத்து லவ்கிராஃப்டை அளந்தேன். மனிதன் சிறியவன் என்கிறார், உண்மை. நம் அறிவுக்கு எல்லை உண்டு என்கிறார், அதுவும் உண்மை. ஆனால் அந்த எல்லைக்கு அப்பால் அன்பு இல்லை, நம்மை நினைப்பார் எவரும் இல்லை என்றும் உறுதியாகச் சொல்கிறார். அறிய முடியாதது என்று தாமே கூறிய ஒன்றின் உச்சியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? அவர் கையிலும் ஒரு தாழம்பூ இருக்கிறது.

அவருடைய அச்சத்தில் மற்றொரு கறையும் உண்டு. விண்மீன்களுக்கு அஞ்சியவர் அயலாருக்கும் அஞ்சினார். கொடிய தெய்வங்களை வணங்குவோராக அவர் கதைகளில் வருபவர்கள் பெரும்பாலும் கருநிறத்தவர், கலப்பினத்தவர், தொலைதூரத் துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள். கார்த்திகை இரவில் நம் மலையுச்சியில் எழும் சுடரையும், அதை நோக்கிக் கைகுவிக்கும் பெருங்கூட்டத்தையும் அவர் கண்டிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று ஊகிக்கலாம்.

அவரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. லுதோவிக்கோ தி வர்த்தேமா என்ற இத்தாலியப் பயணி கோழிக்கோட்டுக்கு வந்து சென்று 1510இல் வெளியிட்ட நூலில், அங்குள்ள அரசர் வணங்கிய தெய்வ உருவைப் பிசாசு என்றே வருணித்தார். அதன் தலையில் திருத்தந்தையின் மும்முடியைப் போன்ற முடி இருந்ததாகவும் எழுதினார். விந்தையைப் பாருங்கள்! அறியாத ஒன்றைக் கண்டு நடுங்கியவருக்கு, அதை வருணிக்க அறிந்த முடியே உதவியது. பிறர் வணங்குவதைப் பேயெனக் காணும் பழக்கம் நம் திருச்சபையினரிடமும் நெடுங்காலம் இருந்தது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் இருப்பவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் அறிக்கையிட்டதற்குப் பின்னும், அப்பழக்கம் நம் உள்ளங்களை முற்றிலும் விட்டு அகன்றதா என்பதை அவரவர் ஆய்ந்து பார்க்கட்டும்.

சங்கத்திற்கு முன்னரே ஒருவர் இம்மலைக்கு வந்தார். பிரான்சில் 1910இல் பிறந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஹென்றி லெ சோ அவர்கள், 1949 சனவரியில் அருட்தந்தை மொன்சானினுடன் இங்கு வந்து இரமணரைக் கண்டார். இருவரும் 1950இல் குளித்தலை அருகே சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். பின்னர் லெ சோ தனியே வந்து இம்மலைக் குகைகளில் தங்கினார். அபிஷிக்தானந்தர் என்று நாம் அறிவது அவரைத்தான். குகையின் இருளில் அவருக்கு அமைதி மட்டும் கிடைத்ததாக எண்ண வேண்டாம். தாம் நம்பி வந்த கிறிஸ்துவுக்கும், இங்கே தம்மை ஆட்கொண்ட அனுபவத்திற்கும் இடையே அவர் பல ஆண்டுகள் கிழிபட்டார். ஆனாலும் அஞ்சி ஓடவில்லை. அறிந்துவிட்டதாக அறைகூவவும் இல்லை. 1973இல் இறக்கும் வரை திருப்பலி நிறைவேற்றும் குருவாகவே இருந்தார்.

அவர் கண்ட இரமணரின் வாழ்வும் ஓர் அச்சத்தில்தான் தொடங்கியது. 1896இல், மதுரையில், ஒரு வீட்டின் மாடியறையில் தனியே இருந்த பதினாறு வயதுச் சிறுவனை மரணபயம் திடீரெனப் பற்றியது. அவன் கூச்சலிட்டு எவரையும் அழைக்கவில்லை. பிணம் போல் படுத்துக்கொண்டு, இறப்பது எது என்று உள்ளே தேடினான். அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பிறகு இவ்வூரை விட்டு அகலவே இல்லை. மாடியறை, பதினாறு வயது, நடுங்க வைக்கும் ஒன்று! என் பேரனை நினைத்துக்கொண்டேன். அவனும் ஓடிவிடவில்லை. ஆனால் தனியாக இருக்க இயலாமல், தாத்தாவை உட்காரச் சொன்னான். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

இதுவரை எழுதியவை சிந்தனைக்கு இனியவை. ஆனால் இனிமையோடு இக்கட்டுரையை முடிக்க என்னால் இயலாது. ஏனெனில் நான்காம் இரவில் பேரன் வேறொன்று கேட்டான்.

விளையாட்டை நிறுத்திவிட்டுச் சன்னலருகே நின்றுகொண்டிருந்தான். நிலவொளியில் மலை கருநீலமாகத் தெரிந்தது. "தாத்தா, டிசம்பர்ல அந்தப் பாறை உருண்டுச்சே... கீழே வீடு இருக்குன்னு, உள்ளே சின்னப் பிள்ளைங்க இருக்காங்கன்னு மலைக்குத் தெரியுமா?"

2024 டிசம்பர் முதல் நாள். முந்தைய இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. பெருமழையில் ஊறிய மலைச்சரிவு, பாறையும் சேறுமாக அடிவாரத்து வ.உ.சி. நகரில் சரிந்தது. ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் புதையுண்டு இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறுவர். ஊரே உறைந்தது. இந்த மலையின் பாறை வகை 250 கோடி ஆண்டுகள் அளவுக்குப் பழமையானது என்கிறது நிலவியல். இமயம் எழத் தொடங்கியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அத்தனை காலம் நின்ற பாறை, அந்த மாலையில், அந்த வீட்டின் மேல்தான் வர வேண்டுமா?

பேரன் கேட்டது லவ்கிராஃப்டின் கேள்வி. அவர் அதைக் கதையாகக் கேட்டார். இவன் அதைச் சன்னல் வழியே மலையைக் காட்டிக் கேட்டான். "தெரியாதுப்பா. பாறைக்கு எதுவும் தெரியாது" என்றேன். "அப்போ கடவுளுக்கு?" என்றான்.

அந்நாள்களில் இதற்கு விடை கூறியோர் பலர். பாவத்தின் விளைவு என்றார் ஒருவர். விதி என்றார் வேறொருவர். நம் பங்கைச் சேர்ந்த ஒருவரே, "ஆண்டவர் அந்தப் பிள்ளைகளைத் தோட்டத்து மலர்களாகப் பறித்துக்கொண்டார்" என்று என்னிடம் கூறினார். நல்லெண்ணத்தோடுதான் கூறினார். ஆனால் எனக்கு அப்போதே உடல் கூசியது. முடியைக் காணாமலே கண்டதாகச் சொல்வது இதுவும் அன்றோ? லவ்கிராஃப்ட் மேலே எவரும் இல்லை என்று தாழம்பூவைக் காட்டினார். நாம் மேலே இருப்பவரின் கணக்குப் புத்தகத்தையே படித்துவிட்டது போல் வேறொரு தாழம்பூவைக் காட்டுகிறோம்.

யோபு நூலை மீண்டும் படித்தேன். யோபின் பிள்ளைகளும் ஒரு வீட்டுக்குள் இருந்தபோதுதான் இறந்தார்கள். பெருங்காற்று அடித்து வீடு அவர்கள் மேல் விழுந்தது. நண்பர்கள் வந்து கடவுளின் நீதிக்குப் பொருத்தமான காரணங்களை அடுக்கினார்கள். இறுதியில் இறைவன் சூறைக்காற்றிலிருந்து பேசுகிறார். என்ன பேசுகிறார்? யோபின் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. விண்மீன் கூட்டங்கள், கடலின் கதவுகள், மனிதன் கால்படாத பாலையில் பெய்யும் மழை, அடக்கவொண்ணாத விலங்குகள், இறுதியில் லிவியத்தான் என்ற கடற்பூதம். மனிதனை நடுவில் வைத்துச் செய்யப்பட்ட உலகம் இதுவன்று என்பதையே அப்பகுதி காட்டுகிறது. இதைவிட அண்டப் பேரச்சம் ஊட்டும் பக்கங்கள் இலக்கியத்தில் அரிது.

ஆனால் இரு வேறுபாடுகளைக் கண்டேன். ஒன்று, யோபின் முன்னே இருப்பது வெறும் மௌனம் அன்று, ஒருவர் பேசுகிறார். காரணத்தைத் தராவிட்டாலும் தம்மைத் தருகிறார். மற்றொன்று இன்னும் வியப்பானது. காரணங்களை அடுக்கிக் கடவுளுக்காக வாதாடிய நண்பர்களை இறைவன் கடிந்துகொள்கிறார். கதறியும் வழக்காடியும், முடிவில் வாய்மேல் கைவைத்து நின்ற யோபையே சரியாகப் பேசியவன் என்கிறார். கண்டேன் என்றவர்கள் தோற்றார்கள். காணவில்லை என்றவன் ஏற்கப்பட்டான்.

எனவே பேரனிடம், "கடவுளுக்குத் தெரியும்னு நம்பறேன். ஏன் தடுக்கலன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். தாத்தாவிடமிருந்து அவன் வேறு விடையை எதிர்பார்த்திருப்பான். ஆயினும் தலையை ஆட்டினான்.

பிறகு எனக்கு நினைவில் நின்ற ஒன்றை அவனிடம் சொன்னேன். அச்சரிவு நேர்ந்த மறுநாள் காலை நானும் பலரைப் போல் தொலைவில் போய் நின்றேன். காவலர்கள் எவரையும் நெருங்க விடவில்லை. மேலும் மழை பெய்யலாம், மேலும் பாறைகள் உருளலாம் என்ற அச்சம் அனைவருக்கும் இருந்தது. அந்தச் சேற்றுச் சரிவில் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் இறங்கித் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. புதையுண்டோரை முன்பின் அறியார். நேரம் செல்லச் செல்ல உயிரோடு எவரையும் எடுக்கும் நம்பிக்கை தேய்ந்தது. ஆயினும் நிறுத்தவில்லை. கடைசி உடல் கிடைக்கும்வரை தோண்டினார்கள்.

இதுவும் தோண்டல்தான். தாமசினா தோண்டியது அறிய வேண்டும் என்ற தாகத்தால். திருமால் தோண்டியது யார் பெரியவர் என்ற வழக்கைத் தீர்க்க. இவர்கள் தோண்டியது எதையும் அறிவதற்காகவோ வெல்வதற்காகவோ அன்று. ஒரு பிள்ளையின் உடல் மண்ணுக்குள் பெயரின்றிக் கிடக்கலாகாது, அதற்குரிய கண்ணீரும் அடக்கமும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. பேரண்டத்தின் கணக்கில் இதற்கு எடை இல்லை என்று லவ்கிராஃப்ட் சொல்லலாம். ஆனால் அந்த வீரர்களும் பேரண்டத்தின் பகுதிதானே? மலை எந்த மூலப்பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆன கைகள்தாமே அவை? பாறை அறியாததை அக்கைகள் அறிந்திருந்தன. பேரண்டத்தில் அன்பு இல்லை என்பவர் பாறையை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார். தோண்டுகிற கைகளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கேதான் அந்தச் சொடுக்கு விளையாட்டின் குறை எனக்குப் புலப்பட்டது. நல்ல கலைப்படைப்புதான், கதை சொல்லும் நேர்த்தியை மெச்சுகிறேன். ஆனால் அவ்வகை ஆட்டத்தில் எதிர்ப்படும் எல்லாரும் கதை நகர்வதற்கான சாவிகளாகிவிடுகிறார்கள். விடுதிக்காரர் எதற்கு? ஒரு செய்தி தர. ஊர்க்கிழவி எதற்கு? ஒரு குறிப்புத் தர. வேண்டியது கிடைத்தபின் அவர்களைத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை. நோயுற்ற ஒருவர் அருகில் வெறுமனே உட்கார்ந்திருக்க ஆட்டத்தில் வழியில்லை. உட்கார்ந்தால் கதை நகராது. உலகைத் தேவைப்படும் பொருள்களின் கிடங்காகப் பார்ப்பவனுக்கு, இறுதியில் உலகும் தன்னை அவ்வாறே பார்ப்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றம்தானே அண்டப் பேரச்சம்? இது கணினிக்கு மட்டும் உரிய நோய் அன்று. பணிபுரிந்த நாள்களில் எத்தனை மாணவரை நான் தேர்ச்சி விழுக்காட்டின் எண்களாகப் பார்த்திருக்கிறேன் என்பது என் மனச்சான்றுக்குத் தெரியும்.

நம் நம்பிக்கையின் நடுவிலும் ஒரு கல்லறை இருக்கிறது. அதைத் தோண்டி எதையும் அறிந்துகொள்ள எவரும் செல்லவில்லை. இறந்தவரின் உடலுக்கு நறுமணப்பொருள் பூச மூன்று பெண்கள் சென்றார்கள். வாயிலை அடைத்த பெருங்கல்லை யார் புரட்டித் தருவார் என்ற கவலையோடு சென்றார்கள். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய படிகள், அவர்கள் நடுங்கி வெளியே ஓடியதோடும், அச்சத்தால் எவரிடமும் எதுவும் கூறாமல் இருந்ததோடும் முடிந்துவிடுகின்றன. உயிர்ப்பின் முதல் காலையில் அல்லேலூயா இல்லை, அச்சம்தான் இருந்தது. ஆனால் அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது அச்சமோ ஆர்வமோ அன்று. பயன் ஏதுமில்லை என்று தெரிந்த பின்னும் ஓர் உடலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யச் சென்ற அன்பு அது. வ.உ.சி. நகர்ச் சேற்றில் இறங்கியவர்களுக்கும் அவர்களுக்கும் ஏதோ உறவு உண்டு என்று நம்புகிறேன்.

2024 கார்த்திகைத் தீபத்தன்று, நிலச்சரிவின் காரணமாகப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தீபம் மட்டும் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. கீழேயிருந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். பன்னிரண்டு நாள்களுக்கு முன் ஏழு உயிர்களைக் குடித்த அதே மலையின் உச்சியில் சுடர் எரிந்தது. வணங்குவதா, வெறுப்பதா, அஞ்சுவதா என்று எவரும் விவாதித்ததாகத் தெரியவில்லை. என்னருகே நின்ற ஒரு முதியவள் கைகூப்பியபடியே அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுகைக்கும் கைகூப்பலுக்கும் இடையே முரண்பாடு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

பேரன் ஐந்தாம் இரவில் விளையாட்டை முடித்தான். முடிவு அவனைக் கலக்கியது. நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "வேற மாதிரி முடிச்சிருக்கலாம்" என்றான். மறுநாள் மாலை வெயில் தாழ்ந்ததும், அவனே என்னை அழைத்துக்கொண்டு அடிவாரம் வரை நடந்தான். சரிவின் தடம் தெரியும் இடத்தில் நின்றோம். அவன் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் விளக்கவில்லை. சற்று நேரம் கழித்து இருவரும் இறந்தோருக்காக ஒரு முறை பரலோக மந்திரம் சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம்.